சின்னக் குளியலறையின் கதவு: இடத்தை மிச்சப்படுத்தப் போய்ச் செய்யும் தவறுகள்

சென்னை, கோவை போன்ற ஊர்களின் இரண்டு படுக்கையறை அடுக்ககங்களில் குளியலறை பெரும்பாலும் 4 அடிக்கு 7 அடி, மிஞ்சினால் ஏழரை அடி. குளியலும் கழிப்பிடமும் சேர்ந்த அறைக்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு வைத்திருக்கும் கீழ்வரம்பு 2.8 சதுர மீட்டர், அதாவது சுமார் 30 சதுர அடி. கட்டுநர்கள் பலர் அந்த வரம்பை ஒட்டியோ அதற்குச் சற்றுக் கீழேயோ நின்றுவிடுகிறார்கள். கம்மோடு, வாஷ்பேசின், கீசர், வாளி வைக்கும் இடம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். இரண்டே கால் அடி அகலக் கதவு உள்பக்கமாகத் திறந்தால், அது சுழலும் கால்வட்டம் மட்டும் ஏறக்குறைய 4 சதுர அடியை எடுத்துக்கொள்கிறது. கதவைச் சாத்துவதற்குக் கம்மோடின் ஓரம் ஒதுங்கி நிற்க வேண்டிய வீடுகள் எத்தனையோ.

ஆகவே இடம் பிடிக்காத கதவைத் தேடுவது நியாயமான காரியம்தான். தேடும்போது தரையில் எவ்வளவு மிச்சமாகும் என்பதை மட்டும் கணக்கிடுவதில்தான் பிழை தொடங்குகிறது. கதவு திறந்தபின் ஓர் ஆள் நுழைய எவ்வளவு வழி கிடைக்கிறது, உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் வெளியிலிருந்து எப்படித் திறப்பது என்பவற்றைக் கடையில் யாரும் கேட்பதில்லை. நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இருக்கும் கதவைத் திருப்பிப் பார்க்காமல் புதுக் கதவு வாங்குவது

என் கணிப்பில் இதுதான் பெரிய தவறு. மடக்குக் கதவு, பக்கவாட்டில் நகரும் தள்ளு கதவு என்று அலைவதற்கு முன், சாதாரணக் கீல் கதவையே வெளிப்பக்கம் திறக்குமாறு மாற்ற முடியுமா என்று பார்த்துவிட வேண்டும். அந்த 4 சதுர அடியும் அப்படியே அறைக்குத் திரும்பக் கிடைக்கிறது. தண்டவாளம் வேண்டாம், உருளை வேண்டாம், பழுது பார்க்கத் தனி ஆள் வேண்டாம்.

இடத்தைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. வயதானவர்கள் வழுக்கி விழும் முக்கியமான இடங்களில் குளியலறையும் ஒன்று. சின்ன அறையில் விழுபவர் பெரும்பாலும் கதவை ஒட்டியே கிடப்பார். கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்தால் அவருடைய உடலே கதவை அடைத்துக்கொள்ளும். தள்ளினால் அவருக்குக் காயம். தள்ளாவிட்டால் உள்ளே போக வழியில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறைகளில் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், அல்லது தள்ளு கதவாக இருக்க வேண்டும் என்று வழிகாட்டு நெறிகள் வற்புறுத்துவது இதனால்தான். பெற்றோர் உடன் வசிக்கும் வீட்டில் இந்த ஒரு காரணமே போதுமானது.

மாற்றும்போது சில சிக்கல்கள் வரும். நிலைச் சட்டத்தில் கதவு வந்து உட்காரும் வெட்டு உள்பக்கம் இருக்கும். கீலை மட்டும் கழற்றி மறுபக்கம் மாட்டிவிட முடியாது. நிலையைத் திருப்பி வைக்க வேண்டும், அல்லது புது நிலை போட வேண்டும். அடிப்பகுதி தண்ணீரில் ஊறி உளுத்துப்போன மரநிலை என்றால் எப்படியும் மாற்றத்தான் போகிறீர்கள். அப்போது கிரானைட் நிலையோ, மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூபிசி நிலையோ வைத்துவிடலாம்.

அடுத்தது தரைமட்டம். நம் வீடுகளில் குளியலறைத் தரை வெளித்தரையைவிட அரை அங்குலம், ஓர் அங்குலம் தாழ்வாக இருக்கும். வெளிப்பக்கம் திறக்கும் கதவு உயரமான தரையின் மேல் நகர வேண்டியிருப்பதால் அதன் அடியில் இடைவெளி கூடும். குளிக்கும்போது தெறிக்கும் தண்ணீர் அந்த வழியாக வெளியே வரலாம். கதவின் உள்முகத்தில் படிந்த நீரும் திறந்தவுடன் படுக்கையறைத் தரையில் சொட்டும். தரையின் சரிவு வடிகாலை நோக்கி ஒழுங்காக இருப்பதும், வாசலில் விளிம்பு மழுக்கிய மெல்லிய கல் ஒன்று இருப்பதும் இதைப் பெருமளவு கட்டுப்படுத்தும். தண்ணீரை நிறுத்துகிறேன் என்று உயரமான படி கட்டினால் அதில் வயதானவர்கள் தடுக்கி விழுவார்கள்.

வெளியே என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள். 3 அடி நடைவழியில் கதவு திறந்தால் அந்த வழியே வருபவர் மீது இடிக்கும். எதிரில் படுக்கையறைக் கதவு இருந்தால் இரண்டும் மோதிக்கொள்ளும். வாசலில் போட்டிருக்கும் கனத்த கால்மிதி கூடத் தடையாகிவிடும். இவற்றில் பல, கீலை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கத்துக்கு மாற்றினாலே தீர்ந்துவிடும். உள்பக்கம் திறக்கும் கதவைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற நிலையிலும் கீல் எந்தப் பக்கம் என்பதைச் சோதித்துவிடுங்கள். கதவு வெற்றுச் சுவரில் போய்ச் சாயுமாறு அமைத்தால் அறை சட்டென்று பெரிதாகத் தெரியும்.

வெளிநாட்டுப் படத்தைப் பார்த்துத் தள்ளு கதவு கேட்பது

இணையத்தில் காணும் அழகான குளியலறைகளில் குளிக்கும் பகுதி கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும். மீதித் தரை உலர்ந்திருக்கும். நாம் வாளியில் தண்ணீர் பிடித்துக் கோப்பையால் அள்ளி ஊற்றிக் குளிப்பவர்கள். அறை முழுவதும் நனையும், கதவும் நனையும். வாரம் ஒரு முறை பிரஷ் போட்டுத் தேய்த்துத் தரையெங்கும் தண்ணீர் அடிப்போம். அந்தப் படங்களில் வரும் மரத் தள்ளு கதவு இப்படிப்பட்ட அறைக்காகச் செய்யப்பட்டதல்ல.

குறிப்பாக, தரையில் தண்டவாளம் பதித்து ஓடும் கதவை வாங்காதீர்கள். அந்தப் பள்ளத்தில் முடியும் சோப்பும் சேரும். ஆழ்துளைக் கிணற்று நீர் புழங்கும் வீடுகளில் வெள்ளை உப்பு படிந்து இறுகிவிடும். அதன்பின் உருளை நகராது. தள்ளு கதவுதான் வேண்டுமென்றால் மேலே தொங்கி ஓடும் வகையே நல்லது. கீழே கதவு ஆடாமல் இருக்க ஓரத்தில் ஒரு சிறு பிடிப்பு மட்டும் போதும்.

தள்ளு கதவுக்குப் பக்கத்துச் சுவர் வேண்டும் என்பதைப் பலர் கடைசியில்தான் உணர்கிறார்கள். வாசலின் அகலத்தோடு இரண்டு மூன்று அங்குலம் சேர்த்து, அந்த அளவுக்கு ஒரு பக்கம் வெற்றுச் சுவர் வேண்டும். அந்த இடத்தில்தான் பெரும்பாலும் கீசர் சுவிட்ச் இருக்கும், அல்லது அலமாரி நிற்கும். கதவின் முழு எடையும் மேல் தண்டவாளத்தில் தொங்குவதால் அதைத் தாங்கும் சுவரும் உறுதியாக இருக்க வேண்டும். வாசலுக்கு மேலே குறுக்காக இருக்கும் லிண்டல் கான்கிரீட்டில் திருகு நன்றாகப் பிடிக்கும். நுண்துளைகள் நிறைந்த, எடை குறைந்த ஏஏசி கல் சுவர் என்றால், திருகைப் பிடித்து நிறுத்த அதற்கென்று விற்கும் ஆங்கர் இல்லாமல் துளையிடக் கூடாது.

சுவருக்கும் கதவுக்கும் இடையே எப்போதும் ஒரு சந்து இருந்துகொண்டே இருக்கும். வாடையும் ஓசையும் அதன் வழியே வெளியே வரும். கூடத்தை ஒட்டிய குளியலறைக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். படுக்கையறைக்குள் இருக்கும் குளியலறைக்குப் பொருந்தலாம்.

சுவருக்குள் மறையும் கதவு பார்க்க மிக அழகானது. ஆனால் நம் உள்சுவர்கள் நாலரை அங்குலச் செங்கல் சுவர்கள். அவற்றுக்குள் மின்குழாயும் தண்ணீர்க் குழாயும் ஓடுகின்றன. புதிதாகக் கட்டும்போதே திட்டமிட்டால் செய்யலாம். கட்டி முடித்த வீட்டில் சுவரை இடித்து மெல்லிய இரட்டைச் சுவர் எழுப்ப வேண்டியிருக்கும். புதிய அடுக்கு மாடிகளில் மைவான் முறையில், அதாவது அலுமினிய அச்சு வைத்து, வார்த்த கான்கிரீட் சுவர் என்றால் இந்த எண்ணத்தையே விட்டுவிடுங்கள். அந்தச் சுவர்தான் கட்டடத்தைத் தாங்குகிறது. ஒரு கதவுக்காக அதை வெட்டுவது மேலே குடியிருப்பவர்களின் உயிரோடு விளையாடுவது.

மடக்குக் கதவில் வழியை இழப்பது

இரண்டாக மடியும் கதவு உள்ளே ஓரடி அளவுக்கே நீள்கிறது என்பது உண்மை. ஆனால் நுழையும் வழியை அளந்து பாருங்கள். கட்டு வேலையில் விட்ட இடம் 30 அங்குலம். நிலையின் இரண்டு கால்களும் தலா இரண்டரை அங்குலம் எடுத்துக்கொண்டால் மிச்சம் 25. சாதாரணக் கதவு திறந்து நிற்கும்போது அதன் தடிமன் போகச் சுமார் 24 அங்குலம் கிடைக்கும். மடக்குக் கதவில் மடிந்த இரண்டு பலகைகளும் வாசலுக்குள்ளேயே நிற்பதால் 22 அங்குலத்துக்கு வந்துவிடும். பட்டை பட்டையாக மடியும் பிவிசி திரைக்கதவில் மடிப்புகள் எல்லாம் சேர்ந்து 4, 5 அங்குலத்தை விழுங்கிவிடலாம். வாக்கர் பிடித்து நடப்பவருக்கு 2 அடி வழி வேண்டும். சக்கர நாற்காலி நுழைய வேண்டுமானால் இந்தக் கணக்கே மாறுகிறது. பொதுக் கட்டடங்களுக்கு 900 மில்லிமீட்டர் தடையற்ற வழி என்கிறார்கள். அறைக்குள் ஓரடியை மீட்க வாசலில் இரண்டு அங்குலத்தைக் கொடுப்பது இளைஞர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் சரியான பேரம்தான். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து ஒருவர் வீடு திரும்பும் நாளில் அது பெரிய இடர்.

மடக்குக் கதவின் நடுக்கீல்களும் மேல் உருளையும்தான் முதலில் கெடும். இரும்புக் கீல் கடற்கரை ஊர்களில் விரைவில் துருப்பிடிக்கும். எஸ்எஸ் 304 எஃகு என்று கேட்டு வாங்குங்கள். மாற்று உருளை பின்னால் கிடைக்குமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

பொருளைப் பற்றிச் சுருக்கமாக

சாதாரண பிளைவுட் கதவு குளியலறையில் அடியிலிருந்து ஊறி உப்பும். உள்ளீடற்ற பிவிசி கதவு தண்ணீரைத் தாங்கும்; ஆனால் கீல் திருகுகள் நாளடைவில் தளர்ந்துவிடும், அளவு கூடினால் அறுக்கவும் முடியாது. டபிள்யூபிசி உறுதியானது, எடை கூடியது. மூன்று கீலுக்குக் குறையக் கூடாது. அலுமினியச் சட்டத்தில் பலகை பதித்த கதவு எடை குறைவு என்பதால் தள்ளு கதவுக்கு ஏற்றது. கண்ணாடி என்றால் டஃப்பன்டு கண்ணாடி மட்டுமே. அதை உலையில் பதப்படுத்தியபின் அறுக்கவோ துளையிடவோ முடியாது. ஆகவே டைல்ஸ் ஒட்டி முடிந்தபிறகு அளவெடுத்துத்தான் சொல்ல வேண்டும்.

இந்த டைல்ஸ் விஷயம் எல்லாக் கதவுக்கும் பொருந்தும். வாசலின் பக்கவாட்டில் டைல்ஸும் அதன் அடிக்கலவையும் சேர்ந்து ஒவ்வொரு பக்கமும் ஓர் அங்குலம் வரை குறைத்துவிடும். மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் அளந்து, மிகக் குறைந்த அளவையே கடைக்காரரிடம் கொடுங்கள்.

காற்றை அடைப்பது

இடம் மிச்சமாகும் கதவுகளின் சந்துகளை மூட ரப்பர் பட்டை ஒட்டுவது வழக்கமாகிவிட்டது. உள்ளே காற்று வர வழியில்லாவிட்டால் எக்ஸாஸ்ட் ஃபேன் சுற்றினாலும் ஈரத்தை வெளியேற்றாது. கதவின் அடியில் அரை அங்குலமாவது திறப்பு இருக்கட்டும்.

கேஸ் கீசர் உள்ள வீட்டில் இது உயிர்ப் பிரச்சினை. மூடிய சின்ன அறைக்குள் கேஸ் எரியும்போது பிராணவாயு குறைந்து கார்பன் மோனாக்சைடு உருவாகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளித்துக்கொண்டிருப்பவர் எச்சரிக்கையே இல்லாமல் மயங்குவார். கேஸ் கீசரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்துக்கு மாற்றாமல் கதவை இறுக்கமாக்காதீர்கள்.

தாழ்ப்பாளைக் கடைசியில் யோசிப்பது

எல்லாம் முடிந்தபின் கையில் கிடைத்த டவர் போல்ட்டைத் தச்சர் மாட்டிவிட்டுப் போவார். உள்ளே போட்டால் வெளியிலிருந்து திறக்கவே முடியாது. உள்ளே திருகு, வெளியே நாணயத்தால் திருப்பக்கூடிய பள்ளம் உள்ள பூட்டுகள் கிடைக்கின்றன. குழந்தைகளும் முதியவர்களும் இருக்கும் வீட்டுக்கு அதுவே சரி. தள்ளு கதவுக்குக் கொக்கி போன்ற நாக்கு உள்ள தனிப் பூட்டு வேண்டும். சாதாரணத் தாழ்ப்பாள் அதில் நிற்காது. வாடகை வீட்டில் நிலையையும் கதவையும் தொட முடியாவிட்டாலும் பூட்டை வீட்டுக்காரரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம்; தச்சருக்குச் சிறிது நேர வேலைதான்.