வீட்டு லேப்டாப்பில் நானோகுழாய்க் கணக்கு

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் பஸ் ஏறி எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிற பிள்ளைகள் கேட்பது இதுதான்: பெரிய கம்ப்யூட்டர் இல்லாமல், கார்பன் நானோகுழாயின் பேண்ட் கேப்பை (எலக்ட்ரான்கள் இருக்க முடியாத ஆற்றல் இடைவெளியை) கணக்குப் போட்டுப் பார்க்க முடியுமா? முடியும். 8 ஜிபி ராம் போதும், குழாயைச் சின்னதாக எடுக்க வேண்டும்.

(10,0) குழாயில் தொடங்குங்கள். பனையோலைப் பாயை எந்தப் பக்கமாகச் சுருட்டி, எத்தனை கண்ணி தள்ளி ஓரத்தோடு ஓரம் சேர்க்கிறோம் என்பது மாதிரிதான், கார்பன் தாளைக் குழாயாகச் சுருட்டும் விதத்தைச் சொல்லும் இந்த இரண்டு எண்களும். முதல் எண்ணில் இரண்டாவதைக் கழித்து வருவது 3-ஆல் வகுபட்டால் குழாய் கிட்டத்தட்ட உலோகம், வகுபடாவிட்டால் குறைக்கடத்தி. (10,0) குறைக்கடத்தி. விட்டம் 0.78 நானோமீட்டர், நீளவாக்கில் திரும்பத் திரும்ப வரும் ஒரு அலகில் 40 கார்பன் அணுக்கள்.

பைத்தானில் அணு அமைப்புகளைக் கட்டும் ஏ.எஸ்.இ. (ASE) நூலகம் இந்தக் குழாயை ஒரே வரியில் கட்டித்தரும். அதில் வேக்குவம் (குழாயைச் சுற்றி விடும் வெற்றிடம்) 6 என்று கொடுத்தால் இரண்டு பக்கமும் 6 ஆங்ஸ்ட்ரம் (0.6 நானோமீட்டர்); கணக்கு இந்தக் குழாயையே பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிப் பார்க்கும், ஆக பக்கத்துப் பிம்பத்துக்கு 12 ஆங்ஸ்ட்ரம் இடைவெளி. இதைக் குறைத்தால் குழாய்கள் ஒன்றையொன்று உணரத் தொடங்கிவிடும். கே-புள்ளிகள் (எலக்ட்ரான் அலைகளைக் கணக்கிட எடுக்கும் மாதிரிப் புள்ளிகள்) குழாயின் நீளத்தில் மட்டும் போதும்: 1 1 12.

அப்புறம் எலக்ட்ரான்களின் ஆற்றலைக் கணக்கிடும் குவாண்டம் எஸ்பிரெசோ மென்பொருள். இலவசம்தான். கட்-ஆஃபை (கணக்கில் சேர்க்கும் அலைகளின் ஆற்றல் வரம்பை) 30, 40, 50, 60 ரிட்பெர்க் (ஓர் ஆற்றல் அலகு) என்று ஏற்றிக்கொண்டே போய், ஆற்றல் அசையாமல் நிற்கிற இடத்தைப் பிடியுங்கள், கே-புள்ளிக்கும் வேக்குவத்துக்கும் அதே சோதனை செய்யுங்கள், இதற்கு இரண்டு நாள் போனாலும் பரவாயில்லை, சோதிக்காத பேண்ட் கேப்பை ஆய்வேட்டில் எழுதவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பி.பி.இ. (PBE) என்கிற தோராய முறையில் (10,0) குழாய்க்குச் சுமார் 0.7 முதல் 0.9 எலக்ட்ரான் வோல்ட் வரை வரும். இந்த முறை பேண்ட் கேப்பைக் குறைத்தே காட்டும். சிலிக்கானுக்கு 1.12 வர வேண்டிய இடத்தில் 0.6-ஐ ஒட்டித்தான் தரும்.

ஆடிக் காற்றில் கரண்ட் போகும். அதனால் கரண்ட் போவதற்கு முன்பே நிற்கிற மாதிரி மேக்ஸ்-செகண்ட்ஸ் (max_seconds, எத்தனை வினாடி ஓட வேண்டும்) அளவைக் கொடுத்துவிடுங்கள், நேரம் ஆனதும் கணக்கு தானே ஒழுங்காக நின்று சேமித்துக்கொள்ளும், மறுபடி ரீஸ்டார்ட் போட்டால் விட்ட இடத்திலிருந்து ஓடும். திடீரென்று அணைந்தால் இதை நம்ப முடியாது.

சரி, சிலிக்கான் நானோகம்பிக்குப் போகிறீர்களா? வெட்டிய மேற்பரப்பில் கைநீட்டி நிற்கிற பிணைப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹைட்ரஜன் வையுங்கள். ஒன்றை விட்டாலும் பேண்ட் கேப்புக்கு நடுவே ஒரு தட்டையான கோடு வந்து நிற்கும். அதைப் பார்த்தால் உடனே அணுக்களை எண்ணிப் பாருங்கள்.