பள்ளிகளில் வெளியேற்ற ஒத்திகை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

15 ஆண்டுகளாகப் பள்ளிகளில் தீ, நிலநடுக்கம் ஆகியவற்றுக்கான வெளியேற்ற ஒத்திகைகளை நடத்தி வருகிறேன். அண்மையில் இப்பொறுப்பைப் புதிதாக ஏற்ற ஆசிரியர்கள் சிலர் நடத்திய ஒத்திகைகளை ஓரமாக நின்று கவனித்தபோது, தொடக்கத்தில் நான் செய்த பிழைகளையே அவர்களும் செய்வதைக் கண்டேன். தீயணைப்பான் காலாவதியாகிக் கிடப்பது, மாடிப்படியில் பழைய பெஞ்சுகளை அடுக்கி வைப்பது போன்றவற்றை எந்த ஆய்வாளரும் முதல் பார்வையிலேயே சொல்லிவிடுவார் என்பதால் அவற்றை இங்கே எழுதவில்லை.

தலையெண்ணாமல் முடிக்கும் ஒத்திகை

மணி ஒலிக்கிறது, பிள்ளைகள் வரிசையாக இறங்குகிறார்கள், மைதானம் நிறைகிறது. தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்த்து, "நான்கு நிமிடம்தான், மிகவும் நன்று" என்று பாராட்டுகிறார். எல்லோரும் வகுப்புக்குத் திரும்புகிறார்கள். எத்தனை பேர் வெளியே வந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான்.

நான் பொறுப்பேற்ற முதல் ஆண்டில் ஒரு பள்ளியில் ஒத்திகை நல்லபடியாக முடிந்தது என்று அறிவித்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டு மேலே சென்றேன். இரண்டாம் மாடிக் கழிப்பறை ஒன்றில் உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. பலமுறை தட்டிய பிறகு இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கதவைத் திறந்தாள். மணிச்சத்தத்தில் பயந்து, காதுகளைப் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருக்கிறாள். பாவாடையின் பின்புறம் ஈரமாகியிருந்தது. "டீச்சர் வந்து கூப்பிடுவாங்கன்னு இருந்தேன்" என்றாள். அவளுடைய வகுப்பாசிரியரோ அவள் வரிசையில் நின்றதாகவே நம்பியிருந்தார். அன்று உண்மையிலேயே தீப்பிடித்திருந்தால், அவளைத் தேடும்படி தீயணைப்பு வீரர்களிடம் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தோன்றியிருக்காது.

எண்ணிக்கை மறுபக்கமாகவும் தவறக்கூடும். காலையில் எடுத்த வருகைப்பதிவை மட்டும் நம்பி, நண்பகலிலேயே அனுமதி பெற்று வீட்டுக்குப் போன மாணவனைக் காணவில்லை என்று சொன்னால், இல்லாத ஒருவனைத் தேடி வீரர்கள் புகைக்குள் நுழைவார்கள்.

எனவே ஒவ்வொரு வகுப்பின் கதவருகிலும் பெயர்ப்பட்டியலுடன் ஓர் அட்டை மாட்டியிருக்க வேண்டும். தாமதமாக வந்தவர், இடையில் சென்றவர் என்று மாறும்போதெல்லாம், அந்நேரத்தில் உள்ளவர்களின் எண்ணிக்கையை அதில் திருத்தி எழுத வேண்டும். வெளியேறும்போது ஆசிரியர் தம் கைப்பையை விட்டுச் சென்றாலும் அந்த அட்டையை விடக் கூடாது. கழிப்பறை, நூலகம், ஆய்வகம் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு இறங்க ஒவ்வொரு தளத்துக்கும் ஒருவரை நியமியுங்கள். புகை சூழ்ந்த பகுதிக்குள் அவர் நுழையக் கூடாது, பார்க்க முடியாமல் விட்ட அறை எது என்று கீழே வந்து சொன்னால் போதும். வகுப்புக்கு வெளியே இருக்கும்போது மணி கேட்டால், தன் வகுப்பைத் தேடி ஓடாமல் அருகிலுள்ள வழியாக மைதானத்துக்கு வந்து, கண்ணில் படும் ஆசிரியரிடம் பெயரைச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் கற்பியுங்கள். சமையலர், துப்புரவுப் பணியாளர், பார்க்க வந்த பெற்றோர் ஆகியோரும் கணக்கில் சேர வேண்டும். எல்லா எண்ணிக்கையும் ஒரே ஒருவரிடம் வந்து சேர வேண்டும். கடைசி வகுப்பின் கணக்கு அவர் கைக்கு வரும்வரை கடிகாரத்தை நிறுத்தாதீர்கள்.

இப்போதெல்லாம் ஒத்திகைக்கு முன் மூத்த மாணவர் ஒருவரை, அவர் சம்மதத்துடன், நூலகத்தில் ஓர் ஆசிரியரோடு இருத்திவிட்டு, அவர் இல்லாததை வகுப்பு எப்போது கண்டுபிடிக்கிறது என்று பார்க்கிறேன். முதல் முறையில் பெரும்பாலும் யாரும் கண்டுபிடிப்பதில்லை.

கூடும் இடம் ஒன்றே ஒன்று

மைதானம் எல்லா ஆபத்துக்கும் புகலிடம் ஆகாது. 2011 மார்ச் 11 அன்று பிற்பகல் 2.46-க்கு ஜப்பானில் நிலம் அதிர்ந்தபோது, இஷினொமாகி நகரின் ஒக்காவா தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் முறைப்படி மைதானத்துக்கு வந்துவிட்டார்கள். அடுத்து எங்கே போவது என்பதில்தான் தடுமாற்றம். கையேட்டில் அருகிலுள்ள வெற்றிடம் அல்லது பூங்கா என்று பொதுப்படையாக எழுதியிருந்ததே தவிர, குறிப்பிட்ட இடம் எதுவும் இல்லை. பள்ளிக்குப் பின்னாலேயே குன்று இருந்தும் ஏறக்குறைய 50 நிமிடங்கள் அங்கேயே கழிந்தன. ஆற்றின் வழியே ஏறி வந்த ஆழிப்பேரலையில் 74 பிள்ளைகளும் ஆசிரியர்கள், பணியாளர்கள் 10 பேரும் பறிபோனார்கள். பேரிடருக்கு முன்பே செய்திருக்க வேண்டிய ஆயத்தம் போதவில்லை என்று 2018-இல் உயர் நீதிமன்றம் கூறியது. 2019-இல் அத்தீர்ப்பு உறுதியானது. உங்கள் கையேட்டில் இரண்டாவது இடத்தைப் பெயர் சொல்லி எழுதுங்கள். ஆண்டுக்கு ஒருமுறையாவது பிள்ளைகளை அங்கே நடத்திச் செல்லுங்கள்.

அழைப்பது யார்?

எல்லோரும் பார்த்த தீயை யாரேனும் ஒருவர் சொல்லியிருப்பார் என்று எல்லோரும் நினைப்பார்கள். 1958 டிசம்பர் 1 அன்று சிகாகோவில் 92 பிள்ளைகளையும் 3 கன்னியாஸ்திரீகளையும் பலிகொண்ட பள்ளித் தீயில், பள்ளியின் எச்சரிக்கை மணி தீயணைப்புத் துறையோடு இணைக்கப்பட்டிருக்கவில்லை. தொலைபேசியில் போன முகவரியும் பக்கத்திலிருந்த பாதிரியார் இல்லத்தினுடையது என்பதால் வண்டிகள் முதலில் அங்கே சென்று நின்றன. அழைப்பவர் யார், அவர் விடுப்பில் இருந்தால் யார் என்பதோடு, எந்தத் தெரு, எந்த வாசல் என்று சொல்ல வேண்டிய வாக்கியத்தையும் தொலைபேசிக்கு மேலே எழுதி ஒட்டுங்கள்.

பூட்டிய பின்வாசல்

பள்ளி நடக்கும் நேரத்தில், வெளியேறும் வழி எதிலும் பூட்டு தொங்கக் கூடாது.

சக்கர நாற்காலியில் உள்ள மாணவர்

அவரை நிழலில் அமர்த்திவிட்டு நடத்துவது ஒத்திகையே ஆகாது. தம்மை எப்படித் தூக்கினால் வலிக்காது என்று அவரிடமே கேளுங்கள்.

மீண்டும் உள்ளே செல்லுதல்

மணி நின்றதும் பையை எடுக்கப் பிள்ளைகள் ஓடுவார்கள். எண்ணிக்கையைப் பெற்றவர் வாய்விட்டுச் சொல்லும்வரை, தலைமையாசிரியர் உட்பட, ஒருவரும் வாசலைத் தாண்டக் கூடாது.