சிக்கலை வரையறுக்கும்போது பள்ளி மாணவர்கள் செய்யும் தவறுகள்

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு டிசைன் திங்கிங் (பயன்படுத்துவோரின் தேவையை நேரில் அறிந்து, சிக்கலை வரையறுத்து, தீர்வுக்கு ஒரு மாதிரி செய்து சோதித்துப் பார்க்கும் முறை) பயிற்றுவிக்கும் ஆசிரியர்கள் பலரும், மாதிரி செய்வதற்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு பகுதியைக்கூடச் சிக்கலை வரையறுப்பதற்கு ஒதுக்குவதில்லை. இதனால்தான் தீர்வையே சிக்கலாக எழுதிவிடும் தவறு அடிக்கடி நேர்கிறது.

“தண்ணீர் குடிக்க நினைவூட்டும் செயலி எங்கள் பள்ளிக்குத் தேவை” என்று ஒரு குழு எழுதுவதாகக் கொள்வோம். மாணவிகள் தண்ணீர் குடிக்க மறக்கிறார்கள் என்ற ஊகம் அதற்குள் ஒளிந்திருக்கிறது; அதை யாரும் விசாரித்துப் பார்க்கவில்லை. காலையில் நிரப்பிய பாட்டிலைப் பாதிக்கு மேல் மீதியோடு வீட்டுக்கு எடுத்துச் செல்லும் ஏழாம் வகுப்பு மாணவியிடம் பேசினால், கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லாததால் அங்கே போவதைத் தவிர்க்கவே அவள் குடிக்காமல் இருக்கிறாள் என்று தெரியவரலாம். கேட்பது ஒரு மாணவனாக இருந்தால் அவள் இதைச் சொல்லப்போவதில்லை என்பதால், யார் போய்ப் பேசுவது என்பதையும் குழு முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வடிவமைப்பைக் கற்பிக்கும் டி.ஸ்கூல் என்ற நிறுவனம் பரப்பிய முறையில், யாருக்கு, என்ன தேவை, ஏன் என்ற மூன்றும் சிக்கல் வாக்கியத்தில் இடம்பெற வேண்டும். மாணவர்கள் பெரும்பாலும் மூன்றாவதை விட்டுவிடுகிறார்கள், அல்லது “ஏனென்றால் அது உடலுக்கு நல்லது” என்று பாடப்புத்தகத்தில் படித்ததை எழுதி நிரப்புகிறார்கள். அந்த இடத்தில் வர வேண்டியது நேரில் கண்டதோ கேட்டதோ ஆகும்.

அதே பல்கலைக்கழகத்தில் 2007-ஆம் ஆண்டு, குறைமாதக் குழந்தைகளுக்காக விலை குறைந்த இன்குபேட்டர் வடிவமைக்கும் பணி ஒரு மாணவர் குழுவுக்குத் தரப்பட்டது. நேபாளத்து மருத்துவமனையில் இன்குபேட்டர்கள் பயன்படாமல் கிடப்பதையும், மருத்துவமனையை எட்ட முடியாத கிராமங்களில் குழந்தைகள் பிறப்பதையும் அறிந்த பிறகு, மின்சாரம் நிலையாக இல்லாத இடத்திலும் குழந்தையை வெதுவெதுப்பாக வைத்திருக்கும் வழியை அவர்கள் தேடத் தொடங்கினார்கள். எம்பிரேஸ் என்ற சிறு உறக்கப்பை அப்படித்தான் உருவாயிற்று. விலையை மட்டுமே சிக்கலாகக் கொண்டிருந்தால், பயன்படாமல் கிடக்கும் இன்னொரு இன்குபேட்டரைத்தான் செய்திருப்பார்கள்.

அளவிலும் தவறு நேர்கிறது. “பிளாஸ்டிக்கை ஒழிப்பது எப்படி?” என்பது நாற்பது நிமிட வகுப்புக்கு அடங்காது, “தாழ்ப்பாள் பொருத்துவது எப்படி?” என்பதில் யோசிக்க இடமே இல்லை. (தாழ்ப்பாள்தான் ஒரே குறை என்றால் தலைமை ஆசிரியரிடம் மனு கொடுத்தால் போதும், டிசைன் திங்கிங் எதற்கு?) “ஏழாம் வகுப்பு மாணவிகள் பள்ளி நேரத்தில் தயங்காமல் கழிப்பறைக்குப் போக நாம் என்ன செய்யலாம்?” என்று கேட்டால் சுத்தம், தனிமை, இடைவேளை நெரிசல் என்று பல பக்கமும் யோசிக்க வழி பிறக்கிறது.

ஆசிரியர் வாக்கியத்தைத் திருத்தி அழகாக எழுதிக் கொடுப்பதும் தவறுதான். பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்துவிடுவார்கள். மாதிரியைச் சோதிக்கும்போது புதிதாக ஒன்று தெரியவந்தாலும் அந்த வாக்கியத்தில் கைவைக்கத் தயங்குவார்கள்.