ஆடித் தாம்பாளத்துக்கு ஒரு குவில்ட் விரிப்பு: துணி தேர்ந்தெடுக்கும் முறை

ஆடி மாதத்தில் சேலம் கோட்டை மாரியம்மன் கோயிலில் பூச்சாட்டுதல் நடந்துவிட்டால், அம்மாப்பேட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டை என ஊரின் பல பகுதிகளிலும் அம்மன் திருவிழா களைகட்டிவிடும். வீட்டுப் பூசையறையிலும் தேங்காய், பழம், வளையல், மஞ்சள் கயிறு வைத்த தாம்பாளம் வந்து அமர்ந்துவிடும். அந்தத் தாம்பாளத்தின் அடியில் விரிக்கக்கூடிய, 16 அங்குலச் சதுரமான சிறிய குவில்ட் விரிப்பு ஒன்றுக்கு எப்படித் துணி தேர்ந்தெடுப்பது என்பதை, ஓரளவு நேர்த்தையல் மட்டுமே தெரிந்தவர்களும் பின்பற்றும் வகையில் இங்கே விளக்குகிறேன். குவில்ட் என்பது மேல்துணி, நடுவில் மெல்லிய பஞ்சு அடுக்கு, அடித்துணி ஆகிய மூன்றையும் சேர்த்து நூலோட்டம் போட்டுத் தைப்பதாகும்.

1. எந்தத் துணி எங்கே வரும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

கடைக்குப் போய் அழகான துணிகளை வாங்கி வந்துவிட்டு, பிறகு அவற்றை எங்கே வைப்பது என்று யோசிப்பதுதான் தொடக்கநிலையில் பலரும் கொள்ளும் வழக்கம். அதற்கு நேர்மாறாகச் செய்வதே நல்லது என்பது என் கருத்து. இந்த விரிப்பின் நடுவில் தாம்பாளம் அமரப்போவதால், கண்ணில் படுவது நான்கு மூலைகளும் ஓரங்களும் மட்டுமே. ஆகவே விலை உயர்ந்த பூவேலைத் துணியை நடுவில் வைப்பது வீண். மேலும், மஞ்சளும் குங்குமமும் சிந்துவது பெரும்பாலும் தாம்பாளத்தைச் சுற்றித்தான் என்பதால், நடுச் சதுரத்துக்கு அழுத்தமான மஞ்சள் நிறத் துணியே பொருத்தம். மஞ்சள் கறை மஞ்சள் துணியில் அவ்வளவாகத் தெரியாது. அதன் நான்கு பக்கங்களுக்கும் வெள்ளை, மூலைகளுக்குச் சிறு பூப்போட்ட சிவப்பு, சுற்றிலும் பிடித்துத் தைக்கும் ஓரப்பட்டிக்கு வேப்பிலைப் பச்சை என்று வைத்துக்கொண்டால், ஆடிக்குரிய நிறங்கள் அனைத்தும் தத்தம் இடத்தில் வந்துவிடும்.

2. துணியின் வகையும் கனமும்

எல்லாத் துணிகளும் ஏறக்குறைய ஒரே கனத்தில், நெருக்கமாக நெய்த பருத்தியாக இருக்க வேண்டும். பாப்லின், கேம்பிரிக், ஜாக்கெட்டுக்கு வாங்கும் டூ பை டூ ஆகியவை கைக்கு அடங்கும். இஸ்திரி போட்டால் மடிப்பு அப்படியே நிற்கும். மல் துணி மிக மெல்லியது என்பதால், தையலுக்கு உள்பக்கம் மடித்த துணி வெளியே நிழலாடும். திரைச்சீலைத் துணி போன்ற கனமானவற்றை அருகில் வைத்துத் தைத்தால், கனமான துணி மெல்லியதை இழுத்துச் சுருக்கிவிடும்.

வீட்டில் சேர்ந்து கிடக்கும் ஜாக்கெட் பிட்டுகளைப் பயன்படுத்தலாமா என்று கேட்பீர்கள். தாம்பூலத்தோடு வைத்துக் கொடுக்கப்பட்டு, ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் பயணம் செய்துகொண்டே இருக்கும் அந்தத் துணிகளில் பாதிக்கு மேல் பாலியஸ்டர் கலந்தவையாகவே இருக்கும். சந்தேகம் இருந்தால், ஓரத்திலிருந்து இரண்டு மூன்று இழைகளை உருவி, கிடுக்கியால் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்தின் மேலே கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணி போல் திரளும். விளக்கும் கற்பூரமும் ஏற்றும் இடத்துக்கு அருகில் உருகும் துணி வேண்டவே வேண்டாம். பருத்தியும் தீப்பிடிக்கும் என்பதால், எந்தத் துணியில் தைத்தாலும் விளக்கை விரிப்பின் மேல் வைக்காதீர்கள்.

வெள்ளைக்கு, தேய்ந்துபோகாத பழைய பருத்தி வேட்டி ஒன்று இருந்தால் அதுவே போதும். வேட்டிக் கரையைப் பக்கத் துண்டுகளின் வெளி விளிம்பை ஒட்டி வரும்படி வெட்டினால், தனியாக அலங்காரம் எதுவும் தேவைப்படாது. புவிசார் குறியீடு பெற்ற சேலம் வெண்பட்டில் தைக்கும் ஆசை பலருக்கு வரும். பட்டு வழுக்கும், வெட்டிய ஓரத்தில் இழை பிரியும். பின்புறம் இஸ்திரியால் ஒட்டும் மெல்லிய பேஸ்டிங் துணியை முதலில் ஒட்டிவிட்டுத்தான் வெட்ட வேண்டும். பட்டை மிதமான சூட்டில், மேலே ஒரு பருத்தித் துணி போட்டுத்தான் தேய்க்க வேண்டும். ஜரிகைக்கும் இதுவே பொருந்தும். முதல் விரிப்புக்குப் பட்டை விட்டுவிடுமாறே சொல்வேன்.

3. நிறத்தோடு வெளிச்சத்தையும் பாருங்கள்

சிவப்பும் பச்சையும் வேறு வேறு நிறங்கள் என்பதால் எடுப்பாகத் தெரியும் என்று நினைக்கிறோம். ஆனால் இரண்டும் ஒரே அளவு அடர்த்தியாக இருந்தால், சற்றுத் தள்ளி நின்று பார்க்கும்போது ஒன்றோடொன்று கலந்து மங்கலாகிவிடும். சேலம் சின்னக்கடை வீதிப் பக்கம் துணி எடுக்கும்போது, தேர்ந்தெடுத்தவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக ஓரம் மட்டும் தெரியும்படி அடுக்கி, கடை வாசலின் பகல் வெளிச்சத்தில் கைப்பேசியால் படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். இரண்டு துணிகள் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தால், அவற்றில் ஒன்றை மாற்றுங்கள். சிவப்பை அரக்குச் சிவப்பாக ஆழப்படுத்துவது எளிய வழி.

பூவேலையின் அளவுக்கு இன்னொரு சோதனை உண்டு. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் 4 அங்குலச் சதுரமாக ஒரு சன்னல் வெட்டி எடுத்துச் சென்று, துணியின் மேல் வைத்துப் பாருங்கள். சன்னலுக்குள் முழுப் பூ ஒன்றாவது தெரிய வேண்டும். அரை மயிலும் கால் மாங்காயும் மட்டுமே தெரிந்தால் அந்தத் துணி இந்த விரிப்புக்கு உதவாது.

4. வெட்டுவதற்கு முன் நனையுங்கள்

சிவப்புக்குப் பக்கத்தில் வெள்ளை வருவதால், இந்தப் படியைத் தவிர்க்கவே முடியாது. ஒவ்வொரு துணியையும் தனித்தனியாக ஊறவைத்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள். கல் உப்பு போட்டால் சாயம் நின்றுவிடும் என்று சொல்வார்கள். இன்றைய சாயங்கள் பலவற்றுக்கு அது உறுதியான தீர்வு அல்ல. நான்கைந்து முறை அலசியும் சாயம் விடும் துணியை ஒதுக்கிவிடுங்கள். பருத்தி முதல் சலவையில் சுருங்குவதால், அந்தச் சுருக்கமும் இப்போதே முடிந்துவிடும். ஏற்காட்டில் இருப்பவர்கள் ஆடி மாதப் பனிமூட்டத்தில் துணி காய்வதற்குக் கூடுதல் நாட்களை ஒதுக்க வேண்டும். ஈரம் தங்கிய துணியை மடித்து வைத்தால் பூசணம் பிடிக்கும்.

5. பஞ்சு அடுக்கும் அடித்துணியும்

பஞ்சு அடுக்கு மெல்லியதாகவே இருக்கட்டும். தடிமனான பஞ்சின் மேல் தாம்பாளம் ஆடும், அதன் மேல் வைத்த சொம்பு சாயும். தையல் சாமான் கடையில் மெல்லிய பருத்திப் பஞ்சு விரிப்பு கிடைக்காவிட்டால், துவைத்துப் பழகிய ஃபிளானல் துணி ஒரே அடுக்கு போதும். அடித்துணிக்குப் பொடிப்பூப் போட்ட அடர்நிறப் பருத்தி நல்லது. கைத்தையலின் ஏற்ற இறக்கங்களை அது மறைத்துவிடும்.

6. வாங்க வேண்டிய அளவு

சுற்றிலும் கால் அங்குலம் தையலுக்கு விட்டு, மஞ்சளில் 8½ அங்குலச் சதுரம் ஒன்று, வெள்ளையில் 4½க்கு 8½ அங்குலத் துண்டுகள் நான்கு, சிவப்பில் 4½ அங்குலச் சதுரங்கள் நான்கு தேவை. 44 அங்குல அகலத் துணியானால் இவை ஒவ்வொன்றுக்கும் கால் மீட்டர் போதும். சுருக்கத்துக்காக அரை மீட்டர் எடுப்பது பாதுகாப்பு. ஓரப்பட்டிக்குப் பச்சையில் 2¼ அங்குல அகலத்தில், துணியின் அகலம் முழுவதும் ஓடும் இரண்டு நீளப் பட்டைகள் வேண்டும். 36 அங்குல அகலமுள்ள கைத்தறித் துணியானால் மூன்று. பஞ்சும் அடித்துணியும் 19 அங்குலச் சதுரமாக இருந்தால், தைக்கும்போது துணி நகர்ந்தாலும் போதாமல் போகாது. கரை ஓரம் இறுக்கமாக நெய்யப்பட்டிருக்கும் என்பதால், வேட்டிக் கரையைத் தவிர மற்ற துணிகளின் கரையை வெட்டி நீக்கிவிட்டு, நீளவாக்கில் ஓடும் பாவு நூலின் நேர்க்கோட்டிலேயே துண்டுகளை வெட்டுங்கள். சாய்வாக வெட்டினால் சதுரம் இழுபட்டுக் கோணலாகும்.