இனிஷியலுக்கு என்ன அவசரம்?

மாமாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரமே அத்தையை ஆதார் மையத்துக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். பேருக்குப் பின்னால் இருந்த மாமா பேரை எடுத்துவிட்டு, பான் கார்டில் இருந்தபடி அத்தையுடைய அப்பாவின் இனிஷியலைப் போட்டாயிற்று. "இனிமே அதானே முறை" என்று யாரோ ஒரு உறவுக்காரர் சொன்னாராம். குடும்ப ஓய்வூதியத்துக்கு மனு கொடுக்கப் போனபோதுதான் வினை தெரிந்தது. மாமாவின் ஓய்வூதிய ஆணையில் மனைவி பேர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி. இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்டவே ஐந்து மாதம் அலைந்தார்.

கணவர் இறந்தால் மனைவி பேரை மாற்றித்தான் ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. முறையும் இல்லை என்பேன். மாற்ற விருப்பம் இருந்தால் மாற்றலாம், ஆனால் வரிசை முக்கியம். ஓய்வூதியம், எல்.ஐ.சி., பேங்க் நாமினி பணம், வாரிசு சான்றிதழ் எல்லாம் பழைய பேரிலேயே முடியட்டும். அதற்கும் முன்னால், இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததும் ஒவ்வொரு எழுத்தாகப் படியுங்கள். அதில் ஒரு எழுத்து பிசகினால் பின்னால் வருவதெல்லாம் பிசகும்.

அடுத்த தவறு, "இப்போதைக்குப் போட்டுவைப்போம், அப்புறம் திருத்திக்கலாம்" என்பது. ஆதாரில் பேரைத் திருத்த ஆயுளுக்கு இரண்டே வாய்ப்பு. இனிஷியல் முன்னாலா பின்னாலா, விரித்து எழுதுவதா, ஆங்கில ஸ்பெல்லிங் என்ன, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு போங்கள். பாஸ்போர்ட்டில் இனிஷியல் ஏற்கமாட்டார்கள், விரித்துத்தான் எழுதவேண்டும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

பேரையே முழுக்க மாற்றுவதென்றால் நோட்டரி கையெழுத்துப் போட்ட அஃபிடவிட் மட்டும் போதாது. அரசிதழில் வரவேண்டும். தமிழ்நாட்டில் அதை வெளியிடுவது எழுதுபொருள் அச்சுத்துறை.

தேவையே இல்லாமல் அலைகிறவர்களும் உண்டு. பான் கார்டில் அச்சாகியிருப்பது பெரும்பாலும் அப்பா பேர்தான், கணவர் பேர் அல்ல. ஆதாரில் முகவரிக்கு மேலே கணவர் பேர் இருந்தால் அது முகவரியின் பகுதி. உங்கள் பேரைத் தொடாமலே மாற்றலாம். ரேஷன் கார்டில் செய்யவேண்டியது குடும்பத் தலைவர் மாற்றம், பேர் மாற்றம் இல்லை.

மாற்றி முடித்த பிறகு பழைய அட்டைகளின் நகலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வீட்டுப் பத்திரத்தில் பழைய பேர்தானே இருக்கிறது.