எலீசன் லெப்கூகன்: நியூரென்பெர்க்கின் கிறிஸ்துமஸ் பிஸ்கட்டை வீட்டில் செய்யும் முறை

ஜெர்மனியின் நியூரென்பெர்க் நகரைச் சூழ்ந்த காட்டில் தேன் கிடைத்தது; வணிகப் பாதைகள் வழியாக ஏலமும் கிராம்பும் மிளகும் வந்து சேர்ந்தன. அதனால்தான் அங்கே தேனும் மசாலாவும் சேர்த்துச் செய்யும் லெப்கூகன் பிஸ்கட் தொழில் வேரூன்றியது. 1643இல் அதற்கென்று ஒரு தொழிற்குழுவும் அமைந்தது. லெப்கூகன்களுள் உயர்ந்த வகை எலீசன். ஜெர்மன் உணவு விதிகளின்படி அதில் பாதாம், ஹேசல்நட் அல்லது வால்நட் குறைந்தது 25 விழுக்காடு இருக்க வேண்டும். மாவு 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. கீழே உள்ள முறையில் மாவே கிடையாது.

தோலோடு கூடிய பாதாம் 200 கிராம், ஹேசல்நட் 150 கிராம், சர்க்கரை 180 கிராம், முட்டை 3, சர்க்கரைப் பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோலும் நார்த்தங்காய்த் தோலும் தலா 50 கிராம், ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். மசாலாவுக்குப் பட்டைத்தூள் 2 தேக்கரண்டி, கிராம்பு, ஏலக்காய், தனியா ஆகியவற்றின் தூள் தலா அரைத் தேக்கரண்டி, ஜாதிபத்திரித் தூள் கால் தேக்கரண்டி போதும். ஏலக்காயை அப்போதே இடித்துச் சேர்ப்பது நல்லது.

பருப்புகளை மிக்ஸியில் நிறுத்தி நிறுத்தி அரையுங்கள். ஒருமுறை நான் அவசரத்தில் தொடர்ந்து ஓட்டிவிட்டதால் எண்ணெய் பிரிந்து, பிஸ்கட்டெல்லாம் தட்டில் வடை மாதிரி பரவிவிட்டது. ரவையைவிடச் சற்றுக் கரகரப்பாக இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும்.

முட்டையையும் சர்க்கரையையும், கரண்டியைத் தூக்கினால் விழும் கலவை மேற்பரப்பில் ஒரு கணம் கோடாக நிற்கும்வரை அடித்துக்கொண்டு, பொடியாக நறுக்கிய தோல்களையும் மற்ற எல்லாவற்றையும் சேர்த்துப் பிசைந்து, மூடி, இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். பருப்பு ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு கலவை இறுகும்.

மறுநாள், ஓப்லாட்டன் எனப்படும், உண்ணக்கூடிய மெல்லிய 7 செ.மீ. வட்ட வேஃபரின்மேல் ஒரு மேசைக்கரண்டி குவியலாக வைத்து, ஈரக் கத்தியால் ஓரம் தாழ்ந்து நடு உயர்ந்திருக்குமாறு பரப்புங்கள். சுமார் 20 பிஸ்கட் வரும். கலவை தட்டில் ஒட்டாதிருக்கத்தான் இந்த வேஃபர். அது கிடைக்காவிட்டால் பேக்கிங் காகிதம் போதும், ஆனால் அடிப்பக்கம் சற்றுப் பிசுபிசுக்கும். மேற்பரப்பு தொட்டால் ஒட்டாதபடி உலர, இரண்டு மூன்று மணி நேரம் திறந்தே வையுங்கள்.

முன்கூட்டியே சூடாக்கிய ஓவனில் 160 டிகிரி செல்சியஸில் 20 நிமிடம் சுடுங்கள். ஓரம் உறுதியாகவும், நடுவில் விரலால் அழுத்தினால் அமிழ்வதாகவும் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். ஆறும்போது தானே இறுகும். அதற்கு மேல் சுட்டால் உள்ளே மென்மை இராது, லெப்கூகனுக்கு உயிரே அந்த மென்மைதான்.

இளஞ்சூட்டிலேயே, 150 கிராம் ஐசிங் சர்க்கரையில் இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு கலந்து பூசுங்கள். சாக்லேட் பூசுவதானால் நன்றாக ஆறிய பிறகே. நன்கு காய்ந்ததும் தகர டப்பாவில் அடுக்கி, மென்மை குறையாதிருக்க ஓர் ஆப்பிள் துண்டைக் காகிதத்தில் வைத்து மூடிவிட்டு, இரண்டு நாளுக்கொருமுறை அதை மாற்றுங்கள். மூன்றாம் நாளுக்குப் பிறகுதான் மசாலாவின் மணம் ஊறி வருவதால், கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்னதாகவே சுட்டுவிடுவது உத்தமம்.