மாடியில் மரபுத் தக்காளி: ருசி பார்க்கும் முன்பே நடந்துவிடும் தவறுகள்

போன பிப்ரவரி முதல் வாரத்தில் எங்கள் மொட்டை மாடியில் விளைந்த ஐந்து ரகத் தக்காளியை அறுத்து வைத்து, வீட்டில் எல்லோரையும் ருசி பார்க்கச் சொன்னேன். செரோக்கி பர்ப்பிள், பிளாக் கிரிம், பிராண்டிவைன், மஞ்சள் பேரிக்காய்த் தக்காளி, கூடவே எங்கள் ஊர்ப் பக்கம் விளையும் நாட்டுத் தக்காளி. ருசிக்காகவே ஊர் உலகம் கொண்டாடும் செரோக்கி பர்ப்பிளை வாயில் போட்ட என் மாமியார், "தண்ணியா இருக்கேம்மா" என்றார். அவர் சொன்னது சரிதான். அதற்கு முன் இரண்டு நாள் நாங்கள் ஊரில் இல்லை. சொட்டுநீர்க் குழாய் மூடாமல் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. பழம் முழுக்கத் தண்ணீரை உறிஞ்சி வைத்திருந்தது. அதே செடியில் பத்து நாள் கழித்துப் பறித்த பழத்தை அவரே இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

தொட்டியில் மரபு ரகங்களை வளர்ப்பவர்கள் பலர் முதல் வருடத்திலேயே "இதில் ஒன்றும் இல்லை, சந்தைத் தக்காளியே தேவலை" என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது. ஒரு ரகத்தை ஒதுக்குவதற்கு முன், அது வளர்ந்த மூன்று மாதம் எப்படிப் போனது என்று பார்க்க வேண்டும். ருசி கெடும் இடங்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன.

முதலில் விதை. மரபு ரகம், அதாவது ஏர்லூம் என்றால், தலைமுறை தலைமுறையாக விதை எடுத்து விதைத்துக் காப்பாற்றப்பட்ட ரகம். அதன் விதையைப் போட்டால் தாய்ச்செடி போலவே பழம் வரும். இரண்டு ரகங்களைக் கலந்து உருவாக்கிய எஃப்-1 வீரிய ஒட்டுச் செடியின் விதையில் அப்படி வராது. 1990இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலிருந்து ஒருவர், பெயரே இல்லாத ஊதா நிறத் தக்காளியின் விதையைக் கடிதத்தில் வைத்து கிரெய்க் லெஹூலியர் என்ற தக்காளி ஆர்வலருக்கு அனுப்பினார். செரோக்கி பழங்குடி மக்களிடமிருந்து நூறு வருடத்துக்கு முன் வந்த ரகம் என்று அதில் குறிப்பு இருந்தது. லெஹூலியர் வைத்த பெயர்தான் செரோக்கி பர்ப்பிள். இப்படி ஒரு வரலாறு எல்லாப் பொட்டலத்துக்கும் கிடைக்காதுதான். ஆனால் கறுப்பும் நீலமுமாகப் பளபளக்கும் படத்தை மட்டும் நம்பி விதை வாங்குவது தவறு. நான் ஒரு முறை பிராண்டிவைன் என்று வாங்கியது சாதாரணச் சிவப்புத் தக்காளியாக முளைத்தது. இதை நாற்றிலேயே கண்டுபிடித்துவிடலாம். உண்மையான பிராண்டிவைனின் இலை, ஓரத்தில் பல் இல்லாமல் உருளைக்கிழங்கு இலை மாதிரி மழமழவென்று இருக்கும். பல் பல்லாக இருந்தால் அது வேறு ரகம். மூன்று மாதம் காத்திருந்து ஏமாற வேண்டாம்.

இன்னொன்று: நம் நாட்டுத் தக்காளியும் இந்தப் பந்தியில் உட்கார வேண்டிய ரகம். அதை விட்டுவிட்டு வெளிநாட்டுப் பெயர்களை மட்டும் வரிசையாக நட்டால், எதோடு ஒப்பிடுவது?

பருவம்

எல்லாத் தவறிலும் பெரியது இதுதான். விதை கையில் கிடைத்த அன்றே விதைத்துவிடுகிறோம். ஜனவரியில் விதை வந்தால் ஜனவரியில் விதைப்பு. செடி நன்றாகத்தான் வளரும். மார்ச் கடைசியில் பூவும் கொத்துக் கொத்தாக வரும். அப்புறம் எல்லாம் காம்போடு பழுத்துக் கொட்டும். "உரம் போதவில்லை" என்று நினைத்து இன்னும் உரம் போடுவோம். அதற்கும் பூ கொட்டும்.

காரணம் இரவு வெப்பம். தக்காளிப் பூ நன்றாகக் காய் பிடிக்க, இரவில் 15 முதல் 21 டிகிரி செல்சியஸ் இருந்தால் நல்லது. பகல் 32-ஐயும் இரவு 24-ஐயும் தாண்ட ஆரம்பித்தால் மகரந்தம் வீரியம் இழந்துவிடும். பெரிய பழம் தரும் பிராண்டிவைன் போன்றவை இதில் ரொம்பவே நொந்துபோகும். செர்ரித் தக்காளிகள் ஓரளவு தாங்கும். எங்கள் திருச்சி மாதிரி சமவெளி ஊர்களில் இரவு இதமாக இருப்பது டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியின் பாதி, அவ்வளவுதான். பூ அந்த நாட்களில் வர வேண்டும். அப்படியானால் செப்டம்பர் நடுவில் குழித்தட்டில் விதைத்து, அக்டோபர் மூன்றாம் வாரம் பையில் நட வேண்டும். நட்டதும் வடகிழக்கு மழை பிடித்துக்கொள்ளும். மழைச் சாரல் படாமல் மேலே ஒரு பாலித்தீன் மறைப்பு, பைக்கு அடியில் தண்ணீர் வடிய ஓட்டை, இது இரண்டையும் முன்பே தயாராக வைத்திருங்கள். சென்னைக்காரர்கள் மழைக்குப் பயந்து நடவைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம். கோவை, ஓசூர் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை பாதிதான்.

வெயிலுக்குத் தப்பிக் காய் பிடித்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. 30 டிகிரிக்கு மேல் நீடித்தால் தக்காளிக்குச் சிவப்பு தரும் லைகோபீன் சரியாக உருவாகாது. அதனால்தான் ஏப்ரல் பழம் சிவக்காமல் ஆரஞ்சாகவே நின்றுவிடுகிறது. அதை வைத்து ரகத்தின் நிறத்தையும் ருசியையும் எடை போடாதீர்கள்.

பை, மண், தண்ணீர்

மரபு ரகங்களில் பெரும்பாலானவை கொடித் தக்காளிகள். ஆறு, ஏழு அடி சாதாரணமாக ஏறும். அதைப் பழைய பெயின்ட் வாளியில் வைத்தால் செடி பிழைக்கும், பழம் ருசிக்காது. 15 அங்குல அகலம், 15 அங்குல உயரம் உள்ள பையில் ஒரு செடிதான். "இரண்டு நட்டால் இரண்டு மடங்கு காய்" என்ற கணக்கு இங்கே எடுபடாது. இடம் இல்லாதவர்கள் குட்டை ரகங்களைத் தேடுங்கள். லெஹூலியரும் ஆஸ்திரேலியாவின் பட்ரீனா நஸ்கி ஸ்மாலும் 2005-06 வாக்கில் தொடங்கிய குட்டைத் தக்காளித் திட்டம், மரபு ரகத்தின் ருசியைத் தொட்டியில் அடங்கும் செடிக்குள் கொண்டுவருவதற்காகவே நடக்கிறது. அதில் வந்த ரொசெல்லா பர்ப்பிள், செரோக்கி பர்ப்பிளுக்கு மிக நெருக்கமான ருசி என்று பெயர் வாங்கியது. அதற்கு 12 அங்குலப் பை போதும்.

மண் கலவையைப் பற்றி ஒன்றே ஒன்று: தென்னை நார்க்கழிவைக் கட்டியாக வாங்கி ஊறவைத்து அப்படியே போட்டுவிடாதீர்கள். அதில் உப்பு இருக்கும். இரண்டு, மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகு செம்மண், மண்புழு உரம், வேப்பம் பிண்ணாக்கோடு கலக்குங்கள். கறுப்புப் பையாக இருந்தால் நேராகத் தளத்தில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வைத்தால் வேர் வேகாது.

தண்ணீரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டும். காயின் அடியில் கறுப்பாக, தோல் போல அழுகி வருமே, நுனி அழுகல், அதைப் பார்த்தால் எல்லோரும் முட்டை ஓட்டைத் தேடி ஓடுகிறோம். சுண்ணாம்புச் சத்துக் குறைவுதான் காரணம், அதில் சந்தேகமில்லை. ஆனால் பெரும்பாலும் மண்ணில் குறைவு இல்லை. காய்க்குப் போய்ச் சேர்வதில்தான் குறைவு. அந்தச் சத்து தண்ணீரோடு மட்டுமே செடிக்குள் பயணம் செய்கிறது. காலையில் தளும்பத் தளும்ப ஊற்றி, அடுத்த நாள் மறந்து, மூன்றாம் நாள் வாடியதைப் பார்த்து மறுபடி ஊற்றினால் அந்தப் பயணம் அறுபடுகிறது. முட்டை ஓடு மட்கிச் சத்தாக மாறப் பல மாதம் ஆகும்; அதற்குள் அறுவடையே முடிந்துவிடும். அளவாக, தினமும், ஒரே நேரத்தில் தண்ணீர் விட்டு, மேலே காய்ந்த இலை மூடாக்கு போடுங்கள். சான் மர்சானோ போன்ற நீளத் தக்காளிக்கு இந்த நோய் அதிகம் வரும். செர்ரிக்கு வருவதே அபூர்வம்.

காய்ந்த மண்ணில் திடீரென்று தண்ணீர் ஏறினால் பழம் வெடிப்பதும் இதே கதை. மரபு ரகங்களின் தோல் மெல்லியது, சீக்கிரம் வெடிக்கும். காய் முழு அளவு வந்து நிறம் மாறத் தொடங்கியதும் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள். செடி வாடக் கூடாது. மண் சொதசொதவென்றும் இருக்கக் கூடாது. ருசி கூட்ட நான் கண்ட ஆகச் சிறந்த வழி இதுதான்.

உரத்திலும் இதே கைக்கணக்கு வேண்டும். பூ வந்த பிறகும் தழைச்சத்தைக் கொட்டினால் இலை கரும்பச்சையாகச் செழிக்கும், பழம் சப்பென்று போகும். அப்போது தேவைப்படுவது சாம்பல் சத்து. மாதம் ஒரு முறை ஒரு கைப்பிடி மரச்சாம்பல் போதும், கூடினால் மண் களராகும்.

குளிர் நாட்டு வீடியோக்களைப் பார்த்துச் செடியின் இலைகளை மொட்டையாக மழித்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அங்கே வெயில் போதாது, இலையைக் குறைக்கிறார்கள். இங்கே இலைதான் காய்க்குக் குடை. பழத்தின் இனிப்பை உண்டாக்குவதும் அந்த இலைதான். மண்ணைத் தொடும் இலைகள், நோய் கண்ட இலைகள், சில பக்கக் கிளைகள் மட்டும் எடுத்தால் போதும்.

நோய் விஷயத்தில், வீரிய ஒட்டு ரகங்களுக்குக் கொடுத்திருக்கும் எதிர்ப்புச் சக்தி இவற்றில் பெரும்பாலும் இல்லை என்பதை மறக்க வேண்டாம். வெள்ளை ஈ பரப்பும் இலைச் சுருட்டு வைரஸ் வந்த செடி தேறாது. மனசு கேட்காமல் வைத்திருந்தால் பக்கத்துச் செடிக்கும் போகும், பிடுங்கிவிடுங்கள். நாற்றுப் பருவத்தில் வெள்ளை ஈ நுழையாத நெருக்கமான வலையும், நட்டபின் மஞ்சள் ஒட்டுப்பொறியும் பெரிய உதவி. 2014இல் இந்தியாவில் தென்பட்ட ஊசிப்புழு இலைக்குள்ளேயே சுரங்கம் போட்டுத் தின்னும். அப்படிக் கோடு விழுந்த இலையைக் கண்டதும் கிள்ளி நசுக்கிவிடுங்கள்.

பறிப்பதும் ருசிப்பதும்

செடியிலேயே முழுக்கப் பழுத்தால்தான் ருசி என்று காத்திருந்து அணிலுக்கும் கிளிக்கும் கொடுத்தவர்கள் ஏராளம். அடிப்பக்கம் நிறம் மாறத் தொடங்கியதும் பறித்து வீட்டுக்குள் நிழலில் வைத்தால் நன்றாகவே பழுக்கும். என் நாக்குக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஒப்பிடும்போது எல்லா ரகத்தையும் ஒரே நிலையில் பறிக்க வேண்டும். ஒன்று செடியில் பழுத்தது, இன்னொன்று கூடையில் பழுத்தது என்றால் நீங்கள் ஒப்பிடுவது ரகத்தை அல்ல. கிரீன் ஜீப்ரா போன்றவை பழுத்தாலும் பச்சைதான். அது மரபு ரகக் கூட்டத்தில் சேர்த்துப் பேசப்பட்டாலும் 1983இல் டாம் வாக்னர் வெளியிட்ட ரகம். பச்சைக்குள் மஞ்சள் ஓடி, லேசாக அழுத்தினால் நெகிழும்போது பறியுங்கள். அதற்கு முன் கடித்துவிட்டு "வெறும் புளிப்பு" என்று எழுதிவைப்பது நியாயமில்லை.

காம்பைச் சுற்றிப் பச்சையாக நிற்கும் தோள்பட்டையைப் பார்த்து, பழுக்கவில்லை, மட்டமான ரகம் என்று ஒதுக்குவதும் தவறு. சீராக ஒரே நிறத்தில் பழுக்க வேண்டும் என்று சந்தைக்காக ரகங்களைத் தேர்ந்தெடுத்தபோது, காயில் பச்சையம் பெருக உதவும் மரபணு பழுதாகிப்போனது. கூடவே சர்க்கரையும் குறைந்தது. 2012இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் உள்ளிட்ட குழு இதை விளக்கியது. தேனிப் பக்கத்து அன்னஞ்சித் தக்காளியிலிருந்து பெரியகுளத்தில் உருவாக்கிய பி.கே.எம்.-1 ரகத்துக்கும் இதே பச்சைத் தோள் உண்டு. நம் பாட்டிகள் தேடி வாங்கிய தட்டைத் தக்காளி அது.

ஃபிரிட்ஜில் வைத்த தக்காளியை வைத்து ருசிப் போட்டி வேண்டாம். 2016இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் பழங்களை ஒரு வாரம் 5 டிகிரியில் வைத்துப் பார்த்தார்கள். சர்க்கரையும் புளிப்பும் பெரிதாக மாறவில்லை. மணம் தரும் பொருட்கள் குறைந்துபோயின, வெளியே எடுத்து வைத்த பிறகும் முழுதாகத் திரும்பவில்லை. தக்காளி ருசியில் பாதிக்கு மேல் மணம்தான் என்பதை ஒரு முறை மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்றால் தெரிந்துகொள்ளலாம்.

அறுப்பதிலும் கவனம் வேண்டும். வட்ட வட்டமாக அறுத்தால் ஒருவருக்குச் சதை மட்டும், இன்னொருவருக்கு விதைக் கூழ் நிறைந்த துண்டு போகும். புளிப்பும் சாறும் அந்தக் கூழில்தான் அதிகம். காம்பிலிருந்து அடிவரை பிறை பிறையாக அறுத்தால் தோல், சதை, கூழ் மூன்றும் எல்லோருக்கும் கிடைக்கும். பெயர் சொல்லாமல் எண் போட்ட சீட்டு வையுங்கள். முடிந்தால் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் மஞ்சள் தக்காளியைக் கண்ணால் பார்த்தவர்கள் எல்லோரும் "இனிப்பு" என்றார்கள், மூடியவர்களில் பாதிப்பேர் அப்படிச் சொல்லவில்லை. ஒரே அமர்வில் ஐந்து ரகத்துக்கு மேல் வேண்டாம், நாக்கு மரத்துவிடும். நடுநடுவே தண்ணீரும் கொஞ்சம் பொரியும் போதும். முதல் சுற்றில் உப்பில்லாமல், இரண்டாம் சுற்றில் ஒரு சிட்டிகை உப்போடு.

அடுத்தது, நம் சமையலுக்குள் வைத்துப் பார்க்காமல் தீர்ப்பு சொல்வது. பிராண்டிவைனும் செரோக்கி பர்ப்பிளும் பச்சையாகத் தின்பதற்கும் சாலட்டுக்கும் பேர் போனவை. நான் அவற்றில் ரசம் வைத்தபோது வழக்கத்தைவிடப் புளி கூட்ட வேண்டியிருந்தது. அதே நாளில் நாட்டுத் தக்காளி ரசம் புளியே இல்லாமல் நின்றது. ஆனால் தயிர்ப் பச்சடியில் பிளாக் கிரிம் போட்ட கிண்ணம்தான் முதலில் காலியானது. அதனால் என் நோட்டில் இப்போது ஒவ்வொரு ரகத்துக்கும் பச்சையாக, ரசம், சட்னி என்று மூன்று கட்டம் இருக்கிறது. முதல் பழத்தை வைத்து எதையும் முடிவாக எழுதுவதில்லை. செடி சின்னதாக இருக்கும்போது வரும் முதல் கொத்து பல ரகத்தில் சுமாராகத்தான் இருக்கும். முதல் கொத்து, நடுவில் ஒரு முறை, கடைசியில் ஒரு முறை என்று மூன்று தடவையாவது பார்க்க வேண்டும்.

பிடித்த ரகத்தில் விதை எடுக்கும்போது பெரிய பழத்தைத் தேடாமல் நல்ல செடியைத் தேடுங்கள். நோய் அண்டாத, வெயிலிலும் காய் பிடித்த, ருசியும் வந்த செடி. தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும். ஆனால் உருளைக்கிழங்கு இலை ரகங்களில் பூவின் பெண் பாகமான சூல்முடி வெளியே நீட்டிக்கொண்டு இருக்கலாம், தேனீ கலப்பு செய்துவிடும். பூ விரியும் முன் மெல்லிய வலைப் பையைக் கட்டி, காய் பிடித்ததும் அந்தக் காம்பில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். கூழோடு விதையை எடுத்து இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு, அலசி, பீங்கான் தட்டில் நிழலில் காயவைக்க வேண்டும். காகிதத்தில் காயவைத்தால் ஒட்டிக்கொள்ளும். கவரின் மேல் ரகத்தின் பெயர், பறித்த தேதி, அந்த மூன்று கட்டத்தின் மதிப்பெண், எல்லாவற்றையும் பென்சிலால் எழுதுங்கள். என் பழைய கவர்களில் பேனா மை ஈரம் பட்டு அழிந்ததில் இரண்டு ரகம் பெயர் தெரியாமலே போய்விட்டன.